வத்தல் மூடைக்கு ஒரு சைக்கிள்

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "டிரைவர் ராஜகுரு வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. "லாங் டிராவல் வீடு எது?" என்று கேளுங்கள். டீக்கடையே எழுந்து வந்து வழி காட்டும். சில வருஷமாக இந்தப் பட்டப்பெயரை நான் சுமந்து திரிகிறேன். நான் செய்யாத காரியத்துக்கு எனக்கு வைத்த பெயர் இது. சைக்கிளைப் பார்த்து வாங்கியது வத்தல் மண்டி சங்கர் அண்ணாச்சி. மதுரையிலிருந்து அதை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது மட்டும்தான் நான். ஆனால் அண்ணாச்சியை அப்படிக் கூப்பிட எவனுக்கும் வாய் வராது. லோடு வண்டிக்காரன்தானே, என்னைக் கூப்பிட்டால் என்ன என்று நினைத்துவிட்டார்கள்.

போகட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. சங்கர் அண்ணாச்சியின் தங்கை தங்கச்செல்வியைப் பற்றி.

செல்விக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்பா போன பிறகு மண்டியை அண்ணனும் தங்கையுமாகப் பார்க்கிறார்கள். கணக்கு வழக்கு அண்ணன். சரக்கு பார்ப்பது தங்கை. திருச்சுழிப் பக்கமிருந்தும் ரெட்டியபட்டிப் பக்கமிருந்தும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மிளகாய் வத்தலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். செல்வி ஒரு கை அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவாள். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தம் அமுங்கிக் கேட்டால் ஈரம். பிறகு ஒன்றும் பேசாமல் கீழே போட்டுவிடுவாள். பிடித்த சரக்கானாலும் முகத்தில் காட்டமாட்டாள். மண்டியில் அதுதான் முறை. வாங்கப்போகிற சரக்கைப் புகழ்ந்து பேசுகிறவன் வியாபாரியே இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கிறுக்கு. மேட்டைக் கண்டால் சைக்கிளோடு இறங்க வேண்டும். நம்முடைய ஊரில் மேடு எங்கே இருக்கிறது? தரை எல்லாம் தோசைக்கல் மாதிரி. இருந்தாலும் கண்மாய்க் கரை ஒன்று இருக்கிறது, மல்லாங்கிணறு போகிற வழியில் கிரஷர்க்காரர்கள் கொட்டிவைத்த கல்மேடு ஒன்று இருக்கிறது. பாவாடை சட்டை போட்ட நாளிலேயே அவள் அதில் எல்லாம் இறங்கிவிட்டாள். வளர்ந்த பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டி அடைத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கொடைக்கானலுக்குக் கீழே, தாண்டிக்குடிப் பக்கத்து மலைக் கடைகளுக்கு நாங்கள் மாதம் ஒரு லோடு வத்தல் கொண்டுபோவோம். ஒரு தடவை செல்வியும் வசூலுக்கு என்று வண்டியில் வந்தாள். காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து நாலைந்து பேர் சைக்கிளில் சரசரவென்று இறங்கி, எங்கள் வண்டிக்கு முன்னால் ரோட்டைக் கடந்து, மறுபடி சரிவுக்குள் புகுந்து மறைந்துபோனார்கள். பாதை என்று ஒன்றும் கிடையாது. பாறை, வேர், சருகு. செல்வி என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"அண்ணே, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கண்ணே!"

கீழே அவர்களைப் பிடித்து விசாரித்தாள். அது மேலே ஏறுவதற்கான சைக்கிள் இல்லையாம். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், இறங்க மட்டும் வைத்திருப்பதாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு கால்களும் பாறையில் மோதும்போது உள்ளே போய் வெளியே வரும். பின்சக்கரமும் அப்படியே மேலே ஏறி இறங்கும். அது எவ்வளவு தூரம் போய்வருகிறதோ, அந்தத் தூரத்துக்குத்தான் டிராவல் என்று பெயர். சாதாரண சைக்கிளில் இரண்டு மூன்று விரல்கடை. இந்தச் சைக்கிளில் ஏறக்குறைய ஒரு சாண். அதனால் லாங் டிராவல்.

அண்ணாச்சி அப்போது மதுரையில் இருந்தார். செல்வி அங்கிருந்தே போன் போட்டாள். மலையில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

"அண்ணே, சைக்கிள் கடையில லாங் டிராவல் சைக்கிள் இருக்கானு கேளுண்ணே. லாங் டிராவல்! மலைக்கு!"

அண்ணாச்சி கேட்டார். கடைக்காரரும், "லாங் டிராவலுக்கா? இருக்கே!" என்றார். மறுவாரம் நான் மதுரைக்கு லோடு ஏற்றிப்போனபோது, திரும்பும் வழியில் சைக்கிளை எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்து வந்தேன். மண்டி வாசலில் அட்டையைப் பிரித்தோம். சும்மா சொல்லக்கூடாது, லட்சணமான சைக்கிள். முன்னால் ஒரு கேரியர், பின்னால் ஒரு கேரியர். தண்ணீர் பாட்டில் மாட்ட வளையம். மட்கார்டு. மணி. ஸ்டாண்டு. காசி வரைக்கும் போகலாம்.

செல்வி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னண்ணே இது?"

"நீதான கேட்ட, லாங் டிராவலு. கன்னியாகுமரியிலருந்து காஷ்மீரு வரைக்கும் போவாகளாம்ல. ரெண்டு பக்கமும் பை தொங்கவிடலாம்" என்றார் அண்ணாச்சி, பெருமையோடு.

"காஷ்மீருக்கு நான் எதுக்குப் போறேன்? வத்தல் விக்கவா?"

மண்டியில் மூடை தைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள் சிரித்த சிரிப்பில் கோணி ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். "ஏ குரு, நீயாச்சும் பாத்து எடுத்துட்டு வரக்கூடாதா? லாங் டிராவலாம்ல, லாங் டிராவலு!" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது டீக்கடைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் லாங் டிராவல்.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. செல்வி அந்தச் சைக்கிளின் கேரியர், மட்கார்டு, மணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அடுத்த லோடுக்கு அதையே மலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. ரோட்டுக்கு மேலே படி படியாக ஒரு பாறை இருக்கிறது. அதில் இறங்கும்போது முன்சக்கரம் குத்தி நின்றது. சைக்கிள் நின்றுவிட்டது, இவள் நிற்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்துபோனது. வத்தலக்குண்டு வரை அவள் அழவில்லை. "சைக்கிள ஏத்திட்டீகளாண்ணே?" என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தாள்.

செல்வியின் அம்மா முத்துத்தாய் பெரியம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். செல்வி கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார்கள். கத்தவில்லை. அந்த மண்டியை நாற்பது வருஷம் பார்த்த அம்மா அவர்கள். பேரத்தை ஒரே வார்த்தையில் முடிக்கிற ஆள்.

"இன்னும் ஒரே ஒரு சைக்கிளு. நல்லா யோசிச்சு நீயே வாங்கு. அதுல நீ எறங்குறத நானே வந்து பாப்பேன். கட்டோட வந்தீன்னா, அதோட மலையும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. அப்பன் இல்லாத மண்டி இது. சரக்குப் பாக்குற கை அது. ஒடிச்சுக்கிட்டே இருக்க முடியாது."

"சரிம்மா" என்றாள் செல்வி.

"சரின்னா சரிதான். பெறகு அழக்கூடாது."

அதனால் இரண்டாவது சைக்கிள் தப்பாகப் போய்விடக்கூடாது. தப்பாகப் போனால் அந்தப் பிள்ளைக்கு மலை கிடையாது. தை மாதக் கடைசியில் தாண்டிக்குடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இறங்கும் போட்டி வைக்கிறார்கள். அதில் ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அந்த ஆசை ஒரே ஒரு சைக்கிளில் வந்து நின்றது.

கை கூடுகிற வரைக்கும் அவள் செய்த வேலை எல்லாம் யோசனைதான். டயரில் டியூப் இருக்கக்கூடாது, உள்ளே பால் மாதிரி ஒரு மருந்து ஊற்றியிருக்க வேண்டும், முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும் என்றாள். அது மலைக்காக இல்லை. நம்முடைய சீமைக்கருவேல முள்ளுக்காக. மலையில் மாதம் ஒரு நாள்தான் இறங்குவாள், மற்ற நாளெல்லாம் இந்தக் கல்மேட்டில்தானே பழக வேண்டும்? பிறகு ஒருநாள் ஹெல்மெட், முட்டிக் கவசம், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மண்டித் தராசில் ஏறி நின்றாள். எடை பார்த்த அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"இம்புட்டு மாட்டியும் ரெண்டு மூடை வத்தல் கூட வரலயே புள்ள. சாப்பிடுறியா இல்லையா?"

"எழுதிக்கண்ணே. இதான் முக்கியம்" என்றாள்.

தீபாவளி கழிந்து கோயம்புத்தூர் போனோம். நானும் அவளும் அண்ணாச்சியும். பெரிய கடை. அங்கே வேலை செய்கிற தம்பி நல்ல மாதிரி. செல்வி கேட்டதைக் கேட்டுவிட்டு இரண்டு சைக்கிளை வெளியே எடுத்துவந்து நிறுத்தினான்.

ஒன்று சிவப்பு. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. முன்னால் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல இரண்டு தட்டுப் போட்டு இறுக்கிய கால்கள். பின்னால் என் கட்டைவிரல் தடிமனில் சுருள் ஸ்பிரிங். முழுசாக ஒரு சாண் போய்வரும். பெரிய போட்டிக்காரர்கள் இதைத்தான் எடுப்பார்கள் என்றான் தம்பி. இன்னொன்று சாம்பல் நிறம். அதுவும் லாங் டிராவல்தான், ஆனால் ஒரு சாணுக்கு ஒரு விரல்கடை குறைவு. பின்னால் சுருள் இல்லை, காற்று அடைத்த குழாய். பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை.

"சிவப்ப எடுத்துரு தங்கச்சி. ஆயுசுக்கும் உழைக்கும். ஸ்பிரிங்கப் பாத்தியா?" என்றேன்.

"எம்புட்டு பெருசோ அம்புட்டு நல்லதுதான?" என்றார் அண்ணாச்சியும்.

செல்வி கொண்டுவந்த கவசத்தை எல்லாம் கடை நடுவில் மாட்டிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். சிவப்பு சைக்கிளில் ஏறி, சுவரில் கையை ஊன்றி நின்று, முழுப் பாரத்தையும் போட்டாள். முன்காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஆள் ஏறினால் எவ்வளவு அமுங்குகிறது என்பதை அது காட்டும். வளையம் கொஞ்சம்தான் நகர்ந்தது. பின்னால் அந்தச் சுருள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. இறங்கினாள். மறுபடி ஏறினாள். குதித்துப் பார்த்தாள். சைக்கிள் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அண்ணே" என்று என்னைப் பார்த்தாள். "நம்ம வண்டியில நெல்லு மூடை ஏத்திக்கிட்டு திருச்சுழி ரோட்டுல போனா எப்படி இருக்கும்?"

"தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும்."

"வத்தல் மூடை ஏத்துனா?"

"அத ஏன் கேக்குற. வண்டி ரொம்பி இருக்கும், எடை இருக்காது. அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டை அமுங்காது. ஒவ்வொரு குழியிலயும் தூக்கித் தூக்கிப் போடும். கொடலு வாய்க்கு வந்துரும்."

"நான் வத்தல் மூடைண்ணே" என்றாள் செல்வி. "இது நெல்லு மூடைக்குப் போட்ட பட்டை."

லோடு வண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஸ்பிரிங் எவ்வளவு தடிமன் என்று பார்த்தேனே தவிர, ஏறப்போகிறது யார் என்று பார்க்கவில்லை. கடைத் தம்பியும் தலையாட்டினான்.

"கரெக்ட்தாங்க்கா. இதுல வர்ற சுருள் நல்ல கனமான ஆளுக்கானது. உங்க எடைக்கு மெல்லிசுச் சுருள் போடலாம், ஆனா வெளிய இருந்து வரணும். தை மாசத்துக்குள்ள வருமான்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"அதக் காட்டுங்க" என்று சாம்பல் நிறத்தைக் கைகாட்டினாள்.

அதில் ஏறி நின்றாள். முதலில் அதுவும் கல் மாதிரிதான் இருந்தது. தம்பி முன்கால்களிலும் பின்குழாயிலும் கொஞ்சம் காற்றை இறக்கினான். ஏறினாள். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். ஏறினாள். வளையம் காலில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. தம்பி குனிந்து பார்த்து, "இதுதாங்க்கா கணக்கு" என்றான். அதோடு விடவில்லை அவள். பிரேக் பிடியை விரலுக்குப் பக்கமாகத் திருகி வைக்கச் சொன்னாள். முறிந்து கூடின வலது கையில் ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஹேண்டில்பார் அவள் தோளுக்கு ரொம்ப அகலம் என்று இரண்டு பக்கமும் அறுக்கச் சொன்னாள். பிறகு, வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்குகிற சாய்தளத்தில் நாலு தடவை ஓட்டிவிட்டு வந்தாள்.

முகத்தில் ஒன்றுமே இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். கடைத் தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

"பிடிக்கலையாங்க்கா?"

எங்களுக்குத்தானே தெரியும். அண்ணாச்சி என் காதில், "முடிஞ்சிருச்சு குரு. இத எடுத்துட்டா" என்றார்.

"மேல ஏறுறதுக்கு இது கொஞ்சம் கஷ்டம்க்கா, பாத்துக்குங்க" என்று கடைசியாக ஒன்று சொன்னான் தம்பி.

"ஏத்துறதுக்குத்தான் குரு அண்ணன் இருக்காகளே" என்றாள் செல்வி. விலையை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் டீக்கடையில் எனக்கு இன்னொரு பெயர் வைப்பார்கள்.

மார்கழியில் ஒரு காலை, பெரியம்மா சொன்னபடியே வந்து வண்டியில் ஏறினார்கள். கட்டுச்சோற்றுத் தூக்குவாளியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் செல்வி. பின்னால் வத்தல் மூடைகளுக்கு நடுவே சாக்கு சுற்றின சைக்கிள். வத்தலக்குண்டு தாண்டி மலை வளைவு ஆரம்பித்ததும் பெரியம்மா, "ஏப்பா குரு, அவ விழுந்த எடம் எது?" என்று கேட்டார்கள். "வரும் பெரியம்மா. ரோட்ட ஒட்டித்தான்" என்றேன்.

மேலே செல்வியையும் சைக்கிளையும் இறக்கிவிட்டேன். சரிவுப் பாதை ரோட்டைக் கடக்கிற இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்து, ரோடு காலி என்று போனில் சொன்ன பிறகுதான் அவள் கிளம்ப வேண்டும். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெரியம்மா அவள் ஹெல்மெட் வாரை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அவ்வளவுதான் பேச்சு.

நான் வண்டியைக் கீழே விரட்டினேன். நேரம் போனால் அந்தப் பிள்ளைக்கு உடம்பு ஆறிவிடும் என்ற எண்ணம். ஒவ்வொரு வளைவிலும் பெரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்றார்கள். மகளுக்காகக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படிப்பாறைக்கு நேர் கீழே வண்டியை ஓரம்கட்டினேன். பெரியம்மா அங்கிருந்த சின்னப் பாலத்துச் சுவரை ஒட்டி நின்றார்கள். ரோடு காலிதான். போன் போட்டேன். "வாரேண்ணே" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் பாதி தூரம் வந்திருப்பாள். கீழ் வளைவில் ஹாரன் சத்தம். ஒரு ஜீப் ஏறி வருகிறது. நான் துண்டை உதறிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றுவிட்டேன். ஜீப்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ், குடிச்சிருக்கியா?"

"பேசாம இருய்யா. மேல பிள்ள வருது."

"எங்கய்யா வருது? மேல பாறைதான் இருக்கு!"

அவன் சொல்லி முடிக்கும்போது பாறைத் தலையில் செல்வி தெரிந்தாள். பெடலில் நின்றபடி இருந்தாள், இடுப்பு சீட்டுக்கும் பின்னால் போயிருந்தது. முதல் படியில் முன்கால்கள் உள்ளே போயின. அடுத்த படிக்கு முன்னால் வெளியே வந்துவிட்டன. பின்சக்கரம் அதே மாதிரி ஏறியது, அமுங்கியது. சைக்கிள்தான் அந்தப் பாடு பட்டது. அவள் தலை ஒரே மட்டத்தில் வந்தது. துள்ளல் இல்லை, குத்தல் இல்லை. பொம்மென்று சத்தம் வந்தது, ரோட்டைக் கடந்தாள், அந்தப் பக்கத்து மண்ணில் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீப்காரன் இன்ஜினை அணைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான்.

பெரியம்மா நிதானமாக ரோட்டைக் கடந்து போனார்கள். "கைய நீட்டு" என்றார்கள். செல்வி நீட்டினாள். "திருப்பு." திருப்பினாள். "மடக்கு." மடக்கினாள். பிறகு பெரியம்மா சைக்கிள் சீட்டில் உள்ளங்கையை வைத்து, மூடையை அமுக்கிப் பார்ப்பது போல அமுக்கினார்கள். சைக்கிள் இறங்கி ஏறியது. மறுபடி அமுக்கினார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"லோடு சரியா உக்காந்துருக்கு" என்றார்கள். "போ. போட்டிக்குப் பேரக் குடுத்துக்க."

செல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட் முட்டியதில் பெரியம்மா திட்டினார்கள். ஜீப்காரன் வந்து சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன வண்டிங்க இது?" என்று கேட்டான்.

"லாங் டிராவல்" என்றேன். என் வாயாலேயே.

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் போனேன். அம்மாவும் மகளும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து என்னமோ குசுகுசுவென்று பேசினார்கள். பெரியம்மா என்னைக் கைகாட்டுவது தெரிந்தது. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"குரு அண்ணே, வண்டியத் திருப்புங்க. இன்னொரு வாட்டி மேல ஏத்திவிடுங்க. ஆனா திரும்பி எறங்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா வாங்கண்ணே. வளைவுல நீங்க ஓட்டுற ஓட்டத்தப் பாத்து அம்மா ரொம்பப் பயந்துட்டாகளாம்."